வில்லியம் எழுதாத மன்னிப்பு

லொங்குய்ய்
09 பெப்ரவரி 2026

அஜந்தாவுக்கு,

ஒன்பது வருடத்துக்குப் பிறகு எழுதுகிறேன் என்பதற்காக அப்பா இறங்கி வந்துவிட்டார் என்று நினைத்துச் சந்தோஷத்தில் புழுகப்படாதே. இது வேலை விஷயம். போன் எடுத்தால் நீ இடையில் வைத்துவிடுவாய். ஈமெயில் என்றால் உன் அண்ணன் வசீகரன்தான் தட்டித் தரவேண்டும்; அவன் அறிந்தால் மருமகள் சஜிதா அறிவாள், சஜிதா அறிந்தால் லொங்குய்ய் முழுக்க அறியும். ஆகவே தபால். ஊரில் தபால் அதிபராக இருந்தவனுக்கு முத்திரை ஒட்டிய உறையில்தான் இன்னும் நம்பிக்கை.

விஷயம் இதுதான். அமெரிக்கா என்ற நாட்டை உண்டாக்கியவர்களில் ஒருவரான பெஞ்சமின் பிராங்கிளின் 1776ஆம் ஆண்டு வசந்தத்தில் இந்த மொன்றியலுக்கு வந்தார். எழுபது வயதில், பனிக்கட்டி மிதக்கிற ஏரிகளைக் கடந்து, இங்கிருந்த பிரெஞ்சுக்காரரைத் தங்கள் புரட்சிக்குச் சேர்க்கலாம் என்று வந்தார். அவர்கள் மசியவில்லை. வெறுங்கையுடன் திரும்பிப் போனார். இந்த வருடத்தோடு அதற்கு இருநூற்றைம்பது வருடம். புரோசார்ட்டில் எங்கள் வாசகர் வட்டம் அவருடைய கடிதங்களில் சிலவற்றைத் தமிழில் புத்தகமாகப் போடுகிறது. வட்டத்தின் தலைவர் நகுலேஸ்வரன் அந்த வேலையை என்னிடம் தந்தார். பிராங்கிளினும் ஒரு காலத்தில் தபால் அதிபர். அதனால் எனக்கு அவரில் ஒரு பிடிப்பு.

எல்லாம் முடிந்த மாதிரி. இரண்டு கடிதங்கள்தான் என்னைப் பிடித்து உலுப்புகின்றன. பிராங்கிளினின் மகன் வில்லியம் இங்கிலாந்து அரசனின் கீழே ஆளுநராக இருந்தவர். தகப்பன் அரசனை எதிர்த்தார், மகன் அரசனோடு நின்றார். அதோடு பேச்சுவார்த்தை இல்லை. யுத்தம் முடிந்தபின் 1784இல் மகன் தகப்பனுக்கு ஒரு கடிதம் எழுதினார், தகப்பன் பதில் போட்டார். பழைய ஆங்கிலம், ஒரு வசனம் தொடங்கினால் எங்கே முடியும் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். மூலத்தையும் என் தமிழையும் இத்துடன் வைத்திருக்கிறேன். ஒப்பிட்டுப் பார்த்து, பிழை இருந்தால் சிவப்பால் குறித்து அனுப்பு. இதற்குள் வேறு எதையும் தேடாதே.

க. சண்முகலிங்கம்


வில்லரே
17 பெப்ரவரி 2026

அப்பாவுக்கு,

உறையில் உங்கள் கையெழுத்தைக் கண்டதும் யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்தேன். எங்கள் ஆட்கள் தபாலில் அனுப்புவது கல்யாணக் கார்ட்டும் அந்தியேட்டிக் கார்ட்டும்தானே. வாசல் இரும்புப் படியிலேயே நின்று, பனி கொட்டக் கொட்டப் பிரித்தேன். பார்த்தால் பிராங்கிளின்.

முதலில் ஒரு கேள்வி. அம்மாவின் முப்பத்தோராம் நாளுக்கு நீங்கள் அச்சடித்துக் கொடுத்த கல்வெட்டுப் புத்தகம் என்னிடம் ஒன்று இருக்கிறது. முன்பக்கம் அம்மாவின் படம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, உள்ளே தேவாரம், கடைசியில் குடும்ப விபரம். அன்னார் வசீகரன், அமரர் ஆரூரன் ஆகியோரின் பாசமிகு தாயார் என்று இருக்கிறது. சஜிதாவின் அன்பு மாமியார் என்று இருக்கிறது. அம்மா ஒருநாளும் கண்டிராத சம்பந்தியின் தம்பி குடும்பம்கூட இருக்கிறது. நான் இல்லை. உங்கள் அச்சின்படி அம்மா நல்லம்மாவுக்கு மகளே பிறக்கவில்லை. பிறக்காத ஆளிடம் ஆங்கிலம் திருத்தக் கேட்கிறீர்கள்.

ஆனாலும் பார்த்தேன். உங்கள் தமிழ் நல்ல தமிழ். அது எனக்கு எரிச்சல். நாலைந்து இடத்தில் சொல் மாறியிருந்தது, குறித்திருக்கிறேன். ஆனால் வில்லியம் எழுதிய கடிதத்தின் நடுவில், "தந்தையே, அடியேன் செய்த பிழையைப் பொறுத்து என்னை மன்னித்தருள வேண்டுகிறேன்" என்று ஒரு வரி நிற்கிறது. இது எங்கிருந்து வந்தது? மூலத்தை மூன்று தரம் வாசித்தேன். அப்படி ஒன்று இல்லை.

அந்த இடத்தில் அவர் சொல்வது நேரெதிர். பழையபடி பாசமாக இருப்போம் என்று கேட்கிறார், உண்மை. ஆனால், என் கடமை என்று நினைத்ததைத்தான் செய்தேன், அது பிழையென்றால் என்னால் ஒன்றும் செய்ய இயலாது, எவ்வளவு யோசித்தாலும் என் புத்திக்கு அது பிழையாகப் படவில்லை, நாளைக்கு அதே நிலைமை வந்தாலும் அதையேதான் செய்வேன் என்கிறார். அந்த மனிதர் மன்னிப்புக் கேட்கவில்லை அப்பா. நீங்கள் அவரைப் பிடித்துக் கேட்க வைத்திருக்கிறீர்கள்.

அந்த வரியைச் சிவப்பால் வெட்டியிருக்கிறேன்.

அஜந்தா


லொங்குய்ய்
26 பெப்ரவரி 2026

அஜந்தாவுக்கு,

சிவப்புப் பேனை எடுக்கச் சொன்னது எழுத்துப் பிழைக்கு. நீ என் புத்தியிலேயே கோடு கீறியிருக்கிறாய்.

அந்த வரி மூலத்தில் இல்லை என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் போட்டேன். ஒரு மகன் இத்தனை வருடத்துக்குப் பிறகு, பழையபடி இருப்போம் என்று தகப்பனுக்கு எழுதுகிறான் என்றால் அதற்குள்ளேயே மன்னிப்பு இருக்கிறது. வெள்ளைக்காரன் வாய்விட்டுச் சொல்லமாட்டான். தமிழில் அதை வாய்விட்டுச் சொல்லாவிட்டால் ஒருவருக்கும் விளங்காது. எந்தத் தமிழ்ப் பிள்ளை தகப்பனிடம், நாளைக்கும் இதைத்தான் செய்வேன் என்று எழுதிவிட்டு, அதே மூச்சில் உறவு கொண்டாட வரும்? வாசிக்கிறவன் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, இது என்ன பிள்ளை என்று கேட்பான். அந்த மகனுக்கு நான் மரியாதை தேடிக் கொடுத்திருக்கிறேன். அவ்வளவுதான்.

நகுலேஸ்வரன் அந்த இடத்தை வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அண்ணை, இந்த ஒரு வரிக்காகவே புத்தகத்தைப் போடலாம்" என்றார். ஐந்து பேர் வாழ்த்துரை எழுதித் தந்துவிட்டார்கள். அதில் மூன்று பேர் இந்த வரியைப் புகழ்ந்திருக்கிறார்கள். இப்போது நான் போய், மன்னியுங்கோ, அவன் அப்படி எழுதவில்லையாம், என் மகள் வெட்டிப்போட்டாள் என்று சொல்வதா?

தகப்பனின் பதிலைப் பற்றி நீ ஒரு சொல்லும் எழுதவில்லை. பெற்ற மகன் முதுமையில் தன்னைக் கைவிட்டதைப் போல வேறு எதுவும் தன்னை நோகடிக்கவில்லை என்று அந்தக் கிழவர் எழுதுகிறார். அந்த வரியை மொழிபெயர்க்க எனக்கு அகராதி தேவைப்படவில்லை.

உன் கதையை இதற்குள் கொண்டுவந்து செருகாதே.

க. சண்முகலிங்கம்


வில்லரே
09 மார்ச் 2026

அப்பாவுக்கு,

நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்பவர்களுக்கு, "கோர்ட்டில ஏதோ கதைக்கிறாள்" என்று நீங்கள் சொல்வதாக அறிந்தேன். சரியாகச் சொல்கிறேன், கேளுங்கள். அகதி விசாரணைகளில் எங்கள் ஆட்கள் தமிழில் சொல்வதை நான் பிரெஞ்சில் சொல்கிறேன், அவர்கள் கேட்பதைத் தமிழில் கேட்கிறேன். அதற்கு முன்னால் சத்தியம் செய்கிறேன். கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன் என்பதுதான் அந்தச் சத்தியம்.

போன மாதம் மன்னார்ப் பெடியன் ஒருவன். ஏன் நாட்டை விட்டு வந்தாய் என்று கேட்டார்கள். மீன் விலை சொல்கிற மாதிரிச் சொன்னான். நானும் அப்படியே சொன்னேன். வெளியில் வந்ததும் அவனுடைய மாமன் என்னை மறித்தார்.

"பிள்ளை, நீங்கள் கொஞ்சம் கவலையாச் சொல்லியிருக்கலாமே. இவன் மரம் மாதிரி நிண்டு கதைக்கிறான். உங்கட வாயால எண்டாலும் கொஞ்சம் அழுதிருக்கலாம்."

"ஐயா, அவர் அழேல்லை. அவருக்காக நான் அழ ஏலாது" என்றேன். என்னைத் திட்டிக்கொண்டு மெற்றோவுக்குள் இறங்கிப் போனார். நீங்கள் அந்த மாமனின் ஆள் அப்பா. வில்லியத்தின் வாயால் அழுதிருக்கிறீர்கள்.

கதையைச் செருகாதே என்கிறீர்கள். செருகியது நீங்கள். எடுத்து வெளியில் வைத்தே கதைப்போம். தம்பி ஆரூரன் பதினேழு வயதில் இயக்கத்துக்குப் போனான் என்று ஒவ்வொரு நவம்பரும் மாவீரர் நாளில் அவன் படத்துக்குப் பூ வைத்துச் சொல்கிறீர்கள். அன்றைக்கு நீங்கள் தபால் கந்தோரில். நான் வீட்டு வாசல் படலையில். இரண்டு பேர் வந்து அவனுடைய சைக்கிள் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு கதைத்தார்கள். அவன் இறங்கி, "அக்கா, அம்மாட்டச் சொல்லு" என்றான். என்னத்தைச் சொல்ல என்று சொல்லவில்லை. சைக்கிளை நான்தான் உள்ளே உருட்டிக்கொண்டு வந்தேன். ஒன்பது வருடத்துக்கு முன் இங்கே பிரெஞ்சு வானொலியில் கேட்டபோது அதைத்தான் சொன்னேன். என் தம்பி போகவில்லை, கொண்டு போனார்கள் என்றேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை. அதற்குத்தான் என் பேரை அம்மாவின் கல்வெட்டில் இருந்து எடுத்தீர்கள்.

வில்லியத்தின் வரியை வெட்டுங்கள். இல்லாவிட்டால் அட்டையில் கடிதங்கள் என்று போடாமல் கட்டுக்கதை என்று போடுங்கள்.

அஜந்தா


லொங்குய்ய்
16 மார்ச் 2026

அஜந்தாவுக்கு,

இனி எழுதாதே.

படலையில் நின்றதால் எல்லாம் தெரிந்த மாதிரிக் கதைக்கிறாய். அதற்கு முதல்நாள் அவன் கந்தோருக்கு வந்து கவுண்டருக்கு முன்னால் நின்றான். "அப்பா, எல்லாரும் போகேக்க நான் மட்டும் வீட்டில இருக்க வெக்கமாக் கிடக்கு" என்றான். ஆட்கள் வரிசையில் நின்றார்கள். நான் முத்திரை கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவன் தன் வாயால் எனக்குச் சொன்னது அது. அவன் போனான். கொண்டு போனார்கள் என்று சொல்லி அவனை ஒரு ஆட்டுக்குட்டி ஆக்க நான் விடமாட்டேன். என் பிள்ளைக்கு முதுகெலும்பு இருந்தது.

நீ வானொலியில் கதைத்த கிழமை கோயிலில் எனக்குப் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை. உன் அம்மா படுக்கையில் விழுந்ததும் அந்தக் கிழமைதான். இரண்டையும் சேர்த்துப் பார்க்காதேங்கோ என்று டொக்டர் சொன்னார். எனக்குச் சேர்த்துத்தான் பார்க்க வருகிறது.

மொழிபெயர்ப்பை நகுலேஸ்வரனிடம் கொடுத்துவிட்டேன். என் வரியோடுதான் கொடுத்தேன்.

க. சண்முகலிங்கம்


வில்லரே
02 ஏப்ரல் 2026

அப்பாவுக்கு,

எழுதாதே என்றதும் எழுதாமல் இருக்க நான் உங்கள் கந்தோர்ப் பியோன் இல்லை.

ஆரூரன் உங்களிடம் அப்படிச் சொன்னான் என்பதை ஏன் இத்தனை காலமும் எனக்குச் சொல்லவில்லை? அம்மாவுக்குத் தெரியுமா? நான் இரண்டு கிழமையாக அந்த ஒரு வசனத்தோடு வேலைக்குப் போய் வருகிறேன். அவன் குரல் எனக்குக் கேட்கிறது. வெட்கமாகக் கிடக்கு என்று அவன்தான் சொல்லுவான், அந்த மாதிரித்தான் சொல்லுவான். நீங்கள் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

ஆனாலும் பதினேழு வயதுப் பிள்ளை ஒரு நாள் வெட்கப்பட்டான் என்பதற்காக அடுத்த நாள் சைக்கிளைப் பிடித்து இறக்கியவர்களுக்கு நான் நல்ல பேர் கொடுக்கமாட்டேன். நீங்கள் கேட்டதை நீங்கள் சொல்லுங்கள். நான் கண்டதை நான் சொல்வேன். உங்களுடையதை நான் ஒருநாளும் வானொலியில் மறுக்கவில்லை, என்னுடையதை நீங்கள் ஏன் மறுக்கிறீர்கள்?

அம்மாவின் சாவை என் தலையில் வைக்காதீர்கள். அதை மட்டும் விடமாட்டேன். வில்லியத்தைப் பற்றி நானும் வாசித்தேன். தகப்பனின் ஆட்கள் அவரைச் சிறையில் வைத்திருந்தபோது மனைவி வேறு ஊரில் சாகக் கிடந்தார். போய்ப் பார்க்க விடுங்கள் என்று கேட்டார், விடவில்லை. தகப்பன் அதற்காக வாய் திறந்ததாக நான் வாசித்த ஒன்றிலும் இல்லை. எனக்கு அவ்வளவு கொடுமை நடக்கவில்லை. அம்மாவின் செத்தவீட்டுக்கு வந்தேன், கடைசி வரிசையில் இருந்தேன். அண்ணா மட்டும் ஒரு தேத்தண்ணி கொண்டுவந்து தந்துவிட்டு, உங்கள் பக்கம் பார்த்துக்கொண்டு ஓடிப்போனான். வாய்க்கரிசி போட என்னைக் கூப்பிடவில்லை. அந்தத் தேத்தண்ணியில் சீனிகூட இல்லை.

நாளைக்கு வானொலியில் திரும்பக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். இதை எழுதும்போது உங்கள் பேரில் எனக்குப் பாசம் இல்லை என்று நினைக்காதீர்கள். இரண்டும் இருக்கிறது.

அஜந்தா


லொங்குய்ய்
21 மே 2026

அஜந்தாவுக்கு,

எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்து, யாருக்காவது சொல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும் போல இருக்கிறது. வீட்டில் சொன்னால் விளங்காது.

நேற்று நகுலேஸ்வரன் புத்தகத்தின் அச்சுப்படியைக் கொண்டுவந்து தந்தார். அவருடைய அச்சகம் வருடம் முழுக்க அடிப்பது கல்வெட்டுத்தான் என்பது உனக்குத் தெரியும். அங்கே கொம்பியூட்டரில் பக்கம் போடுகிற ஆளுக்கு வேறு ஒன்றும் பழக்கமில்லைப் போல. முதல் பக்கத்தில் பிராங்கிளினின் படம். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு எரிகிறது. படத்துக்குக் கீழே ஒரு பக்கம் தோற்றம், மற்றப் பக்கம் மறைவு. நல்லகாலம், செத்த நாளைச் சொல்கிற திதி வெண்பா ஒன்றும் கட்டவில்லை. வாழ்க்கைக் குறிப்பு முடிகிற இடத்தில், அன்னார் டெபோராவின் அன்புக் கணவரும் சேராவின் பாசமிகு தந்தையும் ஆவார் என்று வளைத்து எழுதியிருக்கிறது. நான் வயிறு நோகச் சிரித்தேன்.

பிறகு பார்த்தேன், வில்லியம் இல்லை.

நகுலேஸ்வரனைக் கேட்டேன். "அது சண்டை பிடிச்ச மகன்தானே அண்ணை, முறைப்படி விட்டிட்டம்" என்றார். அவர் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. கல்வெட்டில் குடும்ப விபரம் போடும்போது அப்படித்தான் செய்வது. உன் அம்மாவின் கல்வெட்டு அடிக்கும்போதும் அவர் இதே மேசையில் இருந்து, "அஜந்தாவை விடுவமே அண்ணை?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன்.

"உள்ளே அவன்ர கடிதம் கிடக்கு. வெளியில அவனுக்குப் பேர் இல்லையோ?" என்று நகுலேஸ்வரனிடம் கத்தினேன். அவர் பயந்துபோனார். வசீகரன் ஓடிவந்து எனக்குத் தண்ணீர் தந்தான். மனுசனை ஏன் அப்படிக் கத்தினேன் என்று எனக்கே விளங்கவில்லை.

இன்று காலையில் ஒருவருக்கும் சொல்லாமல் மெற்றோ எடுத்துப் பழைய மொன்றியலுக்குப் போனேன். பிராங்கிளின் வந்த காலத்துக் கல்வீடு ஒன்றுக்கு எதிரில் ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அவரை விட ஆறு வயது கூட. அவ்வளவு தூரம் வந்து இந்த ஊரின் மனத்தை மாற்ற முடியவில்லை, அந்த மனிதர் அதைச் சகித்துக்கொண்டு போனார். பிரெஞ்சுக்காரர் தன் பக்கம் வராததைத் தாங்கிக்கொண்டவருக்கு மகன் வராததைத் தாங்க முடியவில்லை. பக்கத்தில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் "ça va, monsieur?" என்று பிரெஞ்சில் சுகம் விசாரித்தாள். ஓம் என்று தமிழில் சொல்லிவிட்டு எழும்பி வந்தேன்.

என் வரியை இன்னும் எடுக்கவில்லை. யோசிக்கிறேன். யோசிக்கிறேன் என்றால் சம்மதம் என்று அர்த்தமில்லை.

சண்முகலிங்கம்


வில்லரே
30 மே 2026

அப்பாவுக்கு,

பிராங்கிளினுக்குக் குத்துவிளக்கு வைத்ததை வாசித்து மெற்றோவில் தனிய இருந்து சிரித்தேன். எதிரில் இருந்தவர் எழும்பி வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

நீங்கள் தலையாட்டினீர்கள் என்று எனக்கு அப்போதே தெரியும். கேட்டது யார் என்றுதான் தெரியாது. பரவாயில்லை, என் பேரைப் பற்றி இப்போது நான் கேட்கவில்லை. குடும்ப விபரத்தில் வில்லியத்தின் பேரைப் போடச் சொல்லுங்கள். அந்த வெள்ளைக்காரச் சனத்துக்கு எங்கள் கல்வெட்டு முறை தெரியாது, பாவம்.

உங்கள் மன்னிப்பு வரிக்குப் பதிலாக அவர் எழுதியதை நான் தமிழில் எழுதிப் பார்த்தேன். உங்களைப் போல எனக்கு அழகாக எழுத வராது.

"நான் பிழை விட்டிருந்தால் அதற்கு நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. என்னால் இயன்ற மட்டும் யோசித்துப் பார்த்தும் என் புத்தி அதைத் திருத்த மறுக்கிறது. நாளைக்கு அதே நிலைமை திரும்ப வந்தாலும் நான் நடந்துகொள்வது அப்படியேதான் இருக்கும்."

வைத்தால் வையுங்கள். வைக்காவிட்டால் என்னிடம் இருக்கட்டும்.

அஜந்தா


வில்லரே
20 ஓகஸ்ட் 2026

அப்பாவுக்கு,

என்ன செய்து வைத்திருக்கிறீர்கள்? நகுலேஸ்வரன் அங்கிள் நேற்று எனக்குப் போன் எடுத்தார். ஒன்பது வருடமாகத் தெருவில் கண்டால் மற்றப் பக்கம் திரும்புகிறவர், "தங்கச்சி, சுகமே?" என்று தொடங்கினார்.

"அப்பா ஒற்றைக்காலில நிக்கிறார். மன்னிப்புக் கேட்ட வரியை எடுத்துப்போட்டார். வாழ்த்துரை தந்த ஆக்கள் எல்லாம் கொதிச்சுப்போய் நிக்கினம். பிள்ளை எண்டால் பணியவேணும், அதைச் சொல்லத்தானே புத்தகம் போடுறம்? வெளியீட்டு விழாவை நிப்பாட்டப்போறம் எண்டு வட்டத்தில கதை. நீர் ஒருக்கா அப்பாவோட கதையும்."

எனக்கும் அப்பாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லையே அங்கிள், உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டேன். அவசரமாக வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டார்.

அப்பா, ஒன்று மட்டும். எனக்காக இதைச் செய்கிறீர்கள் என்றால் வேண்டாம். உங்களுக்கு மிஞ்சி இருக்கிற சிநேகிதர் அந்த வாசகர் வட்டம்தான், கோயிலில் பக்கத்தில் இருக்கிறவர்களும் அவர்கள்தான். இன்னொரு தரம் தனிய இருக்கவேண்டி வரும். வில்லியம் அப்படித்தான் எழுதினார் என்பதற்காகச் செய்கிறீர்கள் என்றால், விடாதீர்கள். ஒரு எழுத்தும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

விழாவுக்கு நான் வரமாட்டேன். முன்வரிசையில் இருத்திவிட்டு எல்லாரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். அது எனக்கு வேண்டாம்.

அஜந்தா


லொங்குய்ய்
05 ஒக்டோபர் 2026

பிள்ளை அஜந்தா,

விழா நடந்தது. நிற்பாட்டினால் பழைய மொன்றியல் தெருவில் வாங்குபோட்டு நானே விற்பேன் என்று சொன்னேன். மானம் போய்விடும் என்று நடத்தினார்கள். இரண்டு பேர் தங்கள் வாழ்த்துரையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பக்கங்களில் குத்துவிளக்குப் போடட்டுமா என்று அச்சகத்தில் கேட்டார்கள். வேண்டாம், வெறுமையாக விடு என்றேன்.

மண்டபம் அரைவாசிக்கு மேல் நிறைந்திருந்தது. முதற்பிரதி, சிறப்புப் பிரதி எல்லாம் கொடுத்து முடிந்து, கடைசியில் என்னை ஏற்புரைக்கு அழைத்தார்கள். எல்லாருக்கும் நன்றி சொல்லிவிட்டு இருப்பதுதான் ஏற்புரை. நான் நன்றி சொல்லவில்லை. வில்லியத்தின் கடிதத்தைத் தொடக்கத்திலிருந்து வாசித்தேன். நீ எழுதிய வரி வந்ததும் நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டு வாசித்தேன். வாசகர் வட்டத்துப் பொன்னம்பலத்தார் எழும்பி வெளியே போனார். போகும்போது வடைப் பார்சலை எடுக்க மறக்கவில்லை.

பின்னுக்கு இருந்த ஒரு மனுசி, ஆரென்று எனக்குத் தெரியாது, எழும்பி, "ஐயா, அந்த வரியைத் திரும்ப ஒருக்கா வாசியுங்கோ" என்றாள். வாசித்தேன். அவள் இருந்துவிட்டாள். தலையில் முக்காடு மாதிரிச் சால்வையைப் போட்டுக்கொண்டு அழுதாள் போல. அவளுக்கும் எங்கேயோ ஒரு பிள்ளை இருக்கவேண்டும், அல்லது ஒரு தகப்பன்.

நகுலேஸ்வரன் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, "இது உங்கட நடை மாதிரி இல்லையே அண்ணை, ஆர் எழுதினது?" என்று கேட்டார். என்னை மடக்குவதாக நினைத்துக் கேட்டார். "என்ர மகள் அஜந்தா" என்றேன். "பதினெட்டாம் பக்கத்தைப் பிரிச்சுப் பாருங்கோ, பேர் போட்டிருக்கு." எல்லாரும் பக்கம் புரட்டுகிற சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. அவர்கள் எல்லாரிடமும் உன் அம்மாவின் கல்வெட்டும் இருக்கிறது. வீட்டுக்குப் போய் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

கோயிலில் போன வெள்ளிக்கிழமை தனியத்தான் இருந்தேன். தூணில் சாய வசதியாக இருந்தது.

இதை வாசித்துவிட்டு அப்பா மாறிவிட்டார் என்று எழுதாதே. ஆரூரன் விஷயத்தில் நான் மாறவில்லை. வருகிற நவம்பரும் படத்துக்கு முன்னால் நின்று அவன் போனான் என்றுதான் சொல்வேன். நீ பக்கத்தில் நின்று கொண்டு போனார்கள் என்று சொல். அவனுக்கு இரண்டும் கேட்கட்டும். நீ வானொலியில் கதைத்தது எனக்கு இன்னும் நோகிறது. அது நோகாத மாதிரி எழுத என்னால் முடியாது.

பிராங்கிளினும் மகனும் அந்தக் கடிதங்களுக்கு அடுத்த வருடம் இங்கிலாந்தின் துறைமுகம் ஒன்றில் சந்தித்தார்கள். காணி உறுதிகளை எழுதி முடித்தார்கள். அதோடு சரி, பிறகு சாகும்வரை முகம் பார்க்கவில்லை. ஒரு நாட்டையே உண்டாக்கிய மனிதருக்கு அது சரிவரவில்லை. சின்னத் தபால் கந்தோர் ஒன்றை நடத்தியவனுக்குச் சரிவரலாம், யார் கண்டது.

சனிக்கிழமை மத்தியானம் சஜிதா சமைக்கிறாள். நீ வருகிறாய் என்று சொல்லிவிட்டேன், ஆகவே லொங்குய்ய் முழுக்கத் தெரியும். மன்னிப்புக் கேட்காமல் வா. நானும் கேட்கமாட்டேன்.

அப்பா